ஒரு குளத்துக்கு ஐந்து இறாக்கை

இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காக நூலகப் படியேறும் பொறியியல் மாணவரிடமோ தொழில்நுட்ப மாணவரிடமோ தலைப்பு என்னவென்று கேட்டால், 'வரண்ட வலயத்தில் நீர் முகாமைத்துவம்' என்றோ 'காலநிலை மாற்றமும் நீர்ப்பாசனமும்' என்றோ பதில் வரும். தலைப்பில் குற்றமில்லை. ஆனால் அதை அப்படியே கணினியில் தட்டினால் உலகத்து ஆறுகளெல்லாம் திரையில் வந்து விழும், வவுனியாவின் பாவற்குளம் மட்டும் வராது. இரண்டு மணித்தியாலம் உருட்டிப் பார்த்துவிட்டு, 'எங்கட இடத்தைப் பற்றி ஒண்டுமே இல்லை' என்று எழுந்து போவதுதான் வழமை. இருப்பதை இல்லை என்று நம்ப வைப்பது அந்தப் பரந்த தலைப்புத்தான். நூலகத் தொழிலில் உள்ளவன் என்ற முறையில் நான் இங்கே வாதிக்க வருவது ஒன்றே ஒன்று. பொறியியல் மாணவர் நூலக ஆய்வைத் தொடங்க வேண்டியது பெயருள்ள ஒரு பொருளிலிருந்து: ஒரு குளம், ஒரு பாலம், ஒரு வீதித்துண்டு, ஒரு குழாய்க்கிணறு. அந்தப் பொருளுக்கு எத்தனை பெயர், அதை யார் எந்தச் சொல்லால், எந்த அளவையில், எந்த எல்லைக்குள் வைத்து எழுதினார்கள் என்று பிடிப்பதே முதல் வேலை. ஆய்வு வினா அதற்குப் பிறகுதான் உருப்படும்.

ஆய்வு முறையியல் புத்தகங்கள் இதைத் தலைகீழாகச் சொல்லும். முதலில் வினா, அடுத்து இலக்கிய மீளாய்வு, அடுத்து தரவு என்று படிக்கட்டுப் போட்டுத் தருவார்கள். நூறு பேர் முன்பே எழுதிக் குவித்த துறைக்கு அது பொருந்தும். வன்னியின் நிலைமை வேறு. வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது 2021 ஆகஸ்டில்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்கத் தொடங்கியும் பத்தாண்டுக் கணக்குத்தான். இந்த மண்ணில் உட்கார்ந்து இந்த மண்ணைப் பற்றிச் செய்யப்படும் பொறியியல் ஆய்வுக்கு வயது குறைவு. ஆனால் இந்த மண்ணைப் பற்றிய எழுத்துக்கு வயது குறைவில்லை. சிவில் சேவை அதிகாரிகளும் நீர்ப்பாசனப் பொறியியலாளர்களும் நில அளவையாளர்களும் மண் விஞ்ஞானிகளும் நூற்றைம்பது ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் மேலதிகாரிக்காக, தத்தம் திணைக்களத்துக்காக எழுதினார்கள். வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவில் இருந்து ஒரு மாணவி தேடி வருவாள் என்று நினைத்து எவரும் எழுதவில்லை. அவர்கள் வைத்த பெயர் தெரியாமல் வினாவோடு போனால், விடை பக்கத்து இறாக்கையில் இருந்தாலும் கண்ணில் படாது.

பாவற்குளத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் மண்கட்டில் நீர்க்கசிவு எப்படியிருக்கிறது என்று ஒருவர் ஆராய விரும்புகிறார் என்று வைப்போம். எங்கள் நூலகங்கள் பெரும்பாலும் டூயி தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றுபவை. 1876இல் அமெரிக்காவில் வெளியான முறை அது. அதில் அணைக்கட்டும் நீர்த்தேக்கமும் 627.8. மாணவர் நேரே அங்கே போவார். போகத்தான் வேண்டும், கட்டின் சரிவு, கசிவுக்கோடு, வடிகட்டிப் படை எல்லாம் அங்கேதான். ஆனால் அந்தக் குளத்துத் தண்ணீர் வயலுக்குப் போகும் கதை கமத்தொழில் பகுதியில், பழைய பதிப்புகளின்படி 631.7இலும் புதிய பதிப்புகளின்படி 631.587இலும் இருக்கும். மழை எவ்வளவு பெய்து எவ்வளவு ஓடி வருகிறது என்ற நீரியல் 551.48. தண்ணீர் யாருக்குச் சொந்தம், எப்படிப் பங்கிடுவது என்பது பொருளியலோடு சேர்ந்து 333.91. குளத்தை முதலில் யார் கட்டினார், எப்போது உடைந்தது, யார் திருத்தினார் என்பது இலங்கை வரலாற்றோடு 954.93. ஒரு குளத்துக்கு ஐந்து இறாக்கை. இறாக்கைகளுக்கிடையில் இருபது முப்பது அடி தூரம் இருக்கலாம், சில நூலகங்களில் மாடியே வேறாக இருக்கும். பொறியியல் மாணவர் 620க்கும் 629க்கும் இடையில் நடந்து பழகியவர். 954ஆம் எண்ணில் தனக்கு வேலையில்லை என்பது அவர் நினைப்பு. மண்கட்டு எந்த ஆண்டில் எந்த மண்ணால் உயர்த்தப்பட்டது என்பது தெரியாமல் கசிவுக் கணக்குப் போடுகிறவர், பழைய கட்டுக்கும் புதிய மண்ணுக்கும் இடையில் இருக்கும் பொருத்தைத் தவற விடுவார். கசிவு பெரும்பாலும் அந்தப் பொருத்தில்தான் வழி தேடும். வரலாற்று இறாக்கையில் இருப்பது அவருடைய பாடத்தின் தரவுதான்.

இப்படிச் சிதறிக் கிடப்பதை ஒன்றாக்கும் வழியை யோசித்தவர் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன். சென்னையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பயிற்சிக்காக இலண்டன் போனபோது அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தாராம். ஒரே துளையிட்ட பட்டிகள், ஒரே மரையாணிகள். கூட்டிப் பூட்டுகிற விதத்தால் ஒரு தரம் பாரந்தூக்கி, மறுதரம் பாலம். நூலின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துப் பூட்டலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1933இல் கோலன் பகுப்பு முறையாக அது வெளிவந்தது. நூலகவியலின் ஐந்து விதிகள் என்ற அவரது நூல் அதற்கு இரண்டாண்டு முந்தியது. பிற்காலத்தில் அந்தத் துண்டுகளை ஐந்து முகங்களாக வகுத்தார்: ஆள்மை, பொருள், ஆற்றல், இடம், காலம். எங்கள் நூலகங்களில் அவர் எண்கள் கிடையாது. அதனாலென்ன, தேடுபவருக்கு அவர் முறை இன்றைக்கும் கைகொடுக்கும். குளம் என்பது ஆள்மை, மண் என்பது பொருள், கசிவு என்பது ஆற்றல், வவுனியா இடம், கடைசியாகத் திருத்திய ஆண்டு காலம். ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து பத்தி கீறி, ஒவ்வொன்றின் கீழும் வேறு வேறு சொற்களை எழுதினால் தேடல் அரைவாசி முடிந்த மாதிரி. பொறியியல் மாணவருக்கு இது கடினமே இல்லை, இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுகிற அதே வேலைதான். மெக்கானோ பெட்டியிலிருந்து வந்த முறை மறுபடி பொறியியலாளர் கைக்கே போவதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

அந்தத் தாளில் மிகவும் சிக்கலான பத்தி இடம். கட்டுக்கரைக்குளம் என்று தமிழில் சொல்வது ஆங்கில ஏடுகளில் 'ஜயன்ட்ஸ் டாங்க்', சிங்களத்தில் 'யோத வெவ'. மூன்று பெயருக்கும் பொதுவாக ஓர் எழுத்துக் கோவைகூட இல்லை. ஒரே ஆற்றை நாங்கள் அருவியாறு என்போம், திணைக்கள வரைபடம் மல்வத்து ஓயா என்னும். முல்லைத்தீவை ஆங்கிலத்தில் ஒரு 'ரீ' போட்டும் இரண்டு 'ரீ' போட்டும் 'எச்' சேர்த்தும் எழுதியிருக்கிறார்கள். வவுனியாவின் கடைசி எழுத்துக்கு முன்னே 'வை' வருவதும் உண்டு, வராமல் விடுவதும் உண்டு. கணினிக்கு இவை வேறு வேறு ஊர்கள். வவுனிக்குளம் என்ற பெயரைக் கண்டு அது வவுனியாவில் இருக்கிறது என்று எழுதுபவர்களும் உண்டு. அது முல்லைத்தீவு மாவட்டக் குளம். சிவில் சேவை அதிகாரியான ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களின் கைநூலை 1895இல் வெளியிட்டார். நீர்ப்பாசனப் பகுதியில் முப்பதாண்டளவு வேலை பார்த்த ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட 'பண்டைய சிலோன்' நூலில் பழைய குளங்களின் துருசுக் கிணறுகளை ஒரு பொறியியலாளன் கண்ணால் அளந்து, நவீன வால்வுக் கோபுரத்துக்கு முன்னோடி அதுதான் என்று வாதித்தார். ஆர். எல். புரோகியர் பண்டை நீர்ப்பாசன வேலைகளை மூன்று பாகங்களாக 1934, 1935ஆம் ஆண்டுகளில் தொகுத்தார். மூவரும் எழுத்துக்கூட்டியது அவரவர் காதில் விழுந்தபடி. ஆகவே பின்னிணைப்புச் சொல்லடைவை விரலால் தடவிப் படிக்கும் பொறுமை வேண்டும், தேடற்பெட்டியில் தட்டும் கெட்டித்தனம் மட்டும் போதாது.

இடத்துக்குள் இன்னொரு பொறி இருக்கிறது. பெயர் ஒன்றாக இருக்கும், எல்லை மாறியிருக்கும். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை மாவட்டங்களிலிருந்து கிள்ளியெடுத்து ஆக்கினார்கள். கிளிநொச்சி 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது. ஆகவே 1971ஆம் ஆண்டுக் கணக்கில் 'வவுனியா மாவட்டம்' என்று இருப்பதை இன்றைய வவுனியாவோடு ஒப்பிட்டு, நெற்காணி குறைந்துவிட்டது என்று வரைபு கீறினால், குறைந்தது காணியல்ல, மாவட்டம். இன்னும் பின்னே போனால் 1873 வரை அநுராதபுரப் பக்கத்து நுவரகலாவியாவும் வடமாகாணத்துக்குள் இருந்தது. அந்தக் காலத்து வடமாகாண அறிக்கையில் வரும் குளங்களின் எண்ணிக்கையை எடுத்து இன்றைய வடமாகாணத்தோடு வைத்துப் பார்க்கக் கூடாது. குடிசன மதிப்பீட்டிலும் ஒரு பள்ளம் உண்டு: 1981க்குப் பிறகு வடக்கு முழுவதிலும் முழுமையாக எடுத்தது 2012இல்தான். நடுவில் 2001இல் எடுத்தது வன்னியின் பெரும் பகுதியைத் தொடவில்லை. முப்பத்தொரு ஆண்டு இடைவெளிக்கு நேர்கோடு போட்டு நீர்த்தேவையை எதிர்வுகூறும் செயற்றிட்டங்களைப் பார்க்கையில், போரையும் இடம்பெயர்வையும் ஒரு அடிமட்டத்தால் அழித்துவிட்டார்களே என்றுதான் தோன்றும்.

அளவைகளின் கதைக்கு இரணைமடுவைப் பார்க்கலாம். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920இல் முடித்த குளம். கட்டு பிற்பாடு பல தடவை உயர்த்தப்பட்டது. ஓர் அறிக்கையில் கொள்ளளவு 106,500 ஏக்கர் அடி என்றிருக்கும், இன்னொன்றில் 131 மில்லியன் கன மீற்றர் என்றிருக்கும். இரண்டும் வெவ்வேறு தகவல் என்று எண்ணி மாணவர் தடுமாறுவார். ஓர் ஏக்கர் அடி என்பது ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், ஏறத்தாழ 1,233 கன மீற்றர். பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. அந்தப் பெருக்கலைச் செய்து பார்க்கும் இரண்டு நிமிடம்தான் நூலக ஆய்வில் பொறியியலாளர் தன் தொழிலைக் காட்டும் இடம். ஆனால் அதோடு நிற்க முடியாது. அந்த எண் எந்த ஆண்டினது? விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியத்தின் உதவியோடு அண்மையில் நடந்த புனரமைப்பில் குளம் உயர்ந்தது. முன்பு 34 அடியில் வான் பாய்ந்த குளம் இப்போது 36 அடிவரை பிடிக்கிறது. குளத்தின் வாய் அகன்றது, மேலே ஏறும் இரண்டு அடி கீழே இருக்கும் பத்து அடியை விட அதிக தண்ணீரைப் பிடிக்கக்கூடும். 131 என்று ஆண்டு போடாமல் எழுதுகிறவர் இன்று இல்லாத ஒரு குளத்தைப் பற்றி எழுதுகிறார். 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மிதந்தபோது வான்கதவுகள் எந்த நேரத்தில் திறக்கப்பட்டன என்பது ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அந்தப் பேச்சைப் பொறியியலாக்க வேண்டுமானால், புதிய மட்டம், பழைய கொள்ளளவு வளைகோடு, மழைமானிப் பதிவு மூன்றையும் ஒரே ஆண்டுக்குரியதாக்கிக்கொண்டு பேச வேண்டும்.

அதே குளத்துக்கு இன்னொரு கோப்புக் கட்டும் உண்டு. யாழ்ப்பாணம், கிளிநொச்சி குடிநீர் வழங்கற் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் ஒப்புதல் தந்தபோது, இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோவதே ஏற்பாடு. கமக்காரர் எதிர்த்தனர். கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்தது, 2024இல் திறக்கப்பட்டது. இந்தத் திட்டத்தின் ஆரம்ப மதிப்பீடு, சூழல் அறிக்கை, இடைக்காலத் திருத்தம் ஆகியவற்றில் பெரும்பகுதி கடன் கொடுத்தவரின் தளத்தில் எவரும் வாசிக்கக் கிடக்கிறது. திட்ட அறிக்கையை எழுதியவர் திட்டம் நடக்க வேண்டும் என்று விரும்பியவர், எதிர்ப்பு மகஜரை எழுதியவர் நடக்கக் கூடாது என்று விரும்பியவர். இருவரும் தந்த நீர்ச்சமநிலைக் கணக்குகளைப் பக்கம் பக்கமாக வைத்து, ஆவியாதலுக்கு யார் எவ்வளவு விட்டார், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று யார் வைத்தார் என்று பார்ப்பதை விட நல்ல நீரியல் பயிற்சி எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது.

இங்கே ஒரு தடை எழும். 'பொறியியல் மாணவருக்குச் சூத்திரமும் நியமமும் போதும், இந்தப் பழைய கோப்புகள் கலைப்பீடத்தார் வேலை' என்பார்கள். சூத்திரம் எல்லா ஊருக்கும் ஒன்று, அதற்குள் போடும் எண் ஊருக்கு ஊர் வேறு. நீர்ப்பாசனத் திணைக்களத்துக்காக ஏ. ஜே. பி. பொன்ராஜா சிறு நீரேந்து பரப்புகளுக்கான தலைவேலைகளை வடிவமைக்கும் கைநூலை 1984இல் எழுதினார். இன்றைக்கும் சிறு குளத்துக் கணக்கென்றால் பொறியியலாளர் கை அதைத்தான் தேடும். அதன் அருமை சூத்திரத்தில் இல்லை. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் தனித்தனியே, இலங்கையின் இந்தப் பகுதியில் இவ்வளவு தண்ணீர் வரும் என்று கீறித் தந்த வளைகோடுகளில் இருக்கிறது. அதை அமெரிக்கப் பாடப்புத்தகம் தராது. நியமத்தின் கதையும் இதுதான். குடிநீருக்கான இலங்கை நியமம் எஸ்எல்எஸ் 614 முதலில் 1983இல் வந்தது, 2013இல் திருத்தப்பட்டது. புளோரைட்டுக்கு 1983இல் உச்ச அனுமதி லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், 2013இல் 1.0. வவுனியாவில் 1.2 மில்லிகிராம் உள்ள ஒரு கிணறு பழைய பிரதியின்படி சித்தியடையும், புதிய பிரதியின்படி தவறும். புத்தகத்தின் முதுகில் இருக்கும் ஆண்டைப் பார்க்காதவர் ஒரு குடும்பம் குடிக்கும் தண்ணீருக்குத் தவறான தீர்ப்பளிப்பார். நிலத்தடி நீர் பற்றித் தமிழ்ப் பகுதியில் அதிகம் எழுதப்பட்டது யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நீர்ப்படுக்கையைப் பற்றித்தான். வவுனியாவின் அடியில் இருப்பது பழைய பளிங்குருப் பாறை. தண்ணீர் மேலே சிதைந்த மண்படையிலும் பாறை வெடிப்புகளிலும் நிற்கிறது. யாழ்ப்பாண ஆய்வின் முறையைக் கடன் வாங்கலாம், முடிவைக் கடன் வாங்க முடியாது.

அடுத்த தடை இன்னும் பலமானது: 'எல்லாம் இணையத்தில் இருக்கிறது, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தொகுத்துத் தரும்.' முதற்பாதியில் உண்மை உண்டு. மேலே சொன்ன பழைய நூல்கள் சிலவற்றின் மின்வருடிய பிரதிகள் இணையத்தில் இருக்கின்றன, எடுத்துப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அவற்றைக் கண்டுபிடிக்க என்ன பெயரைத் தட்டுவது என்ற கேள்விக்குத்தான் இவ்வளவு நேரம் பதில் தேடினோம். இரண்டாம் பாதியில் ஆபத்து இருக்கிறது. நிறைய எழுதப்பட்ட விடயத்தில் அந்தக் கருவிகள் நன்றாகப் பேசும். கொஞ்சமே எழுதப்பட்ட விடயத்திலும் அதே குரலில், அதே நம்பிக்கையோடு பேசும். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், சஞ்சிகைப் பெயர், பக்க எண் எல்லாம் பொருத்தித் தந்துவிடும். நூலக மேசைக்கு இப்படியான துண்டுகள் இப்போது அடிக்கடி வருகின்றன. சஞ்சிகை உண்மை, தொகுதி எண்ணும் உண்மை, அந்தப் பக்கத்தில் இருப்பதோ வேறொருவரின் வேறொரு கட்டுரை. என் நிலைப்பாடு இது: சொற்களைச் சேர்க்க அந்தக் கருவியைக் கேளுங்கள். துருசுக்கும் கலிங்குக்கும் அலைகரைக்கும் ஆங்கிலத்தில் என்னென்ன சொல் வழங்குகிறது என்று கேட்டால் பயன்படும். சான்றை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். மேற்கோள் காட்டுவதற்கு முன் அந்தப் பக்கம் கண்ணுக்கு முன்னே திறந்திருக்க வேண்டும்.

கட்டுரைகள் பணம் கட்டினால்தான் திறக்கும் என்ற முறைப்பாடு நியாயமானது, ஆனால் எங்கள் துறையில் அவ்வளவு பெரிய சுவரில்லை. 1984இல் கண்டிக்கருகே திகணையில் தொடங்கி இன்று பத்தரமுல்லையில் இயங்கும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் வெளியீடுகள் இலவசம். மொறட்டுவை, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளில் கணிசமானவை மின்களஞ்சியங்களில் கிடக்கின்றன. ஒரு நல்ல கட்டுரை கையில் கிடைத்தால் அதன் உசாத்துணைப் பட்டியலால் பின்னோக்கியும், அதை மேற்கோள் காட்டியவர்களால் முன்னோக்கியும் போகலாம். அமெரிக்கரான யூஜின் கார்பீல்ட் 1964இல் மேற்கோள் சுட்டியை வெளியிட்டதிலிருந்து முன்னோக்கிப் போவது இலேசாயிற்று. எல்லங்காவ என்ற தொடர்குளங்களைப் பற்றி மத்தும பண்டார 1985இல் எழுதியதைப் பிடித்தால், அங்கிருந்து மண் விஞ்ஞானி பானபொக்கையும் தமிழ்நாட்டுப் பொறியியலாளர் சக்திவடிவேலும் சேர்ந்து தொண்ணூறுகளில் செய்த ஆய்வுகளுக்கு நூல் ஓடும். நூலின் பெரும்பகுதி ரஜரட்டையோடு நின்றுவிடுவதையும் கவனிக்கலாம். வவுனியாவின் தொடர்குளங்களுக்கு இந்த முடிவுகள் எவ்வளவு பொருந்தும்? இதோ, தேடாமலே ஒரு ஆய்வு வினா கையில் விழுந்துவிட்டது.

ஆங்கிலம் பற்றிய தயக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கில மொழிமூலத்துக்குள் நுழைகிறவருக்கு முழு அறிக்கையையும் வாசிப்பது மலையாகத் தெரியும். முழுவதையும் யாரும் வாசிப்பதில்லை. உள்ளடக்கம், அட்டவணைகள், வரைபடத்தின் கீழுள்ள குறிப்பு, கடைசி இரண்டு பக்கம். இவ்வளவுக்கு வேண்டிய சொல் இருநூறைத் தாண்டாது. அவற்றை ஒரு கொப்பியில் தமிழும் ஆங்கிலமுமாக எழுதிக்கொண்டால் ஒரு தவணைக்குள் கைக்குள் வந்துவிடும்.

இழந்ததைப் பற்றியும் பேசாமல் போக முடியாது. 1981 மே 31 இரவில் தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. பிற்பட்ட போர்க்காலத்தில் வன்னிக் கச்சேரிகளிலும் திணைக்களங்களிலும் பாடசாலைகளிலும் அழிந்த கோப்புகளுக்குக் கணக்கேயில்லை. 'ஆகவே தேடிப் பயனில்லை' என்று முடிக்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. கையெழுத்து ஏடு எரிந்தால் எரிந்ததுதான். அரச அறிக்கை அப்படியில்லை. எழுதிய அலுவலகத்தில் ஒன்று, கொழும்புத் தலைமையகத்தில் ஒன்று, தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒன்று, கடன் கொடுத்தவரிடம் ஒன்று என்று பிரதிகள் போயிருக்கும். தமிழில் அச்சானவற்றுக்கென 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஊர் மலர்கள், பாடசாலை மலர்கள், கமக்காரர் சங்க வெளியீடுகள்வரை மின்வருடி வைத்திருக்கிறார்கள். பொறியியல் மாணவர் அதைத் தொடுவது அரிது. ஆனால் ஒரு குளம் உடைந்த ஆண்டையும் வாய்க்கால் வெட்டிய ஆண்டையும் கோயில் கும்பாபிஷேக மலரில் கண்டெடுக்க முடியும். எந்த அலுவலகத்தைக் கேட்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஏறத்தாழ 200 ஏக்கர் வரை நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும், அதைவிடப் பெரியவை மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்திடமோ மத்திய திணைக்களத்திடமோ இருக்கும். தவறான கதவைத் தட்டிவிட்டு 'தரவு இல்லை' என்று ஆய்வேட்டில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. சரியான கதவு தெரிந்தும் திறக்கவில்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த விண்ணப்பத்திலும் குளத்தின் சரியான பெயர், பிரதேச செயலகப் பிரிவு, ஆண்டு, ஆவணத்தின் வகை நான்கும் எழுதினால் விடை வரும். 'நீர் முகாமைத்துவம் பற்றிய விபரங்கள்' என்று கேட்டால், எது வேண்டும் என்று கேட்டுத் திரும்பி வரும்.

எந்தக் காகிதமும் கிடைக்காத குளங்களும் உண்டு, அதுவும் வவுனியாவில் நிறையவே உண்டு. அப்போது துருசடிக்குத்தான் போக வேண்டும். அங்கே அடி கீறிய அளவுப் பலகை நிற்கும், சில இடத்தில் அடிப்பகுதி பாசி பிடித்து இலக்கம் தெரியாது. வட்டவிதானையாரிடம் ஒரு கொப்பி இருக்கலாம்: எந்தத் திகதியில் துருசு திறந்தார், எத்தனை அடியில் நின்றது, எப்போது வான் பாய்ந்தது. அந்தக் கொப்பிக்கு டூயி முறையில் எண் இல்லை. மாணவர் அவரிடம் கேட்டு, அனுமதியோடு பிரதியெடுத்து, தன் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்த்தால் அதற்கு 627.8 என்ற எண் கிடைத்துவிடும். அப்படிச் சேர்க்கிறவர் முகப்பிலும் சுருக்கத்திலும் குளத்தின் பெயரைத் தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் வழங்கும் எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு தரம், மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, அகலாங்கு நெட்டாங்கு, தரவு எடுத்த ஆண்டு, எந்த அளவை என்று எழுதிவிட வேண்டும். பட்டியலிடும் நூலகர் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான் சொற்களைப் பதிவார்.